வட இத்தாலியின் போ ஆற்றுச் சமவெளியில் ஏரி, சதுப்பு, காடு பார்க்க: எந்த இடம், எந்த மாதம்?

அகிலன்_மிலானோ

எல்லோருக்கும் வணக்கம். மிலானோவில் வேலை பார்க்கிறேன். ஜூன் கடைசியில் அம்மாவும் அப்பாவும் மதுரையிலிருந்து வருகிறார்கள், ஆகஸ்ட் நடுப்பகுதி வரை இருப்பார்கள். கோமோ, கார்தா ஏரிகள் இரண்டையும்தான் எல்லோரும் சொல்கிறார்கள். கோடையில் அங்கே நிற்கக்கூட இடம் கிடைப்பதில்லை, படகு வரிசையிலேயே பாதி நாள் போய்விடுகிறது. எனக்கு இந்தச் சமவெளியையே சுற்றிப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. போ ஆறு, அதில் வந்து விழும் திச்சீனோ, அத்தா, ஓலியோ, மின்ச்சோ, இவற்றின் ஓரமாக இருக்கிற ஏரிகள், நாணல் காடுகள், பறவைகள்.

கார் கிடையாது. ரயில், பஸ், தேவைப்பட்டால் வாடகை சைக்கிள். அப்பாவுக்கு முழங்கால் வலி, அரை மணி நேரத்துக்கு மேல் நடக்க மாட்டார். மந்தோவாவில் ஏரி நிறையத் தாமரை பூத்திருக்கிற படம் ஒன்று பார்த்தேன், அது நிஜமா? வேறு எங்கெல்லாம் போகலாம், எந்த மாதத்தில் என்ன பார்க்கலாம் என்று இங்கேயே இருப்பவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கோடைமேகம்

தம்பி, உள்ளதைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். சமவெளியில் பார்க்க ஒன்றும் இல்லை. பியாசென்சா பக்கம் வருடக்கணக்கில் இருக்கிறேன். சோள வயல், பன்றிப் பண்ணை, கிடங்குகள், நெடுஞ்சாலை, இவ்வளவுதான். ஜூலையில் புழுக்கம் தாங்காது, சாயங்காலமானால் கொசு கடித்துத் தின்றுவிடும். வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போய் அந்த வெயிலில் நாணலைக் காட்டுவானேன்? கூட்டமாக இருந்தாலும் பரவாயில்லை, கோமோவுக்கே போங்கள். காற்றாவது இருக்கும்.

நாணல்காடு

நான் மந்தோவாவில் இருக்கிறேன். அகிலன், தாமரை நிஜம்தான். ஜூலை தொடங்கி ஆகஸ்ட் நடுப்பகுதி வரை பூக்கும், உங்கள் பெற்றோர் இருக்கும் நாட்களும் அவைதான், அதனால் கவலையே வேண்டாம். கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஏரிகளைப் பற்றித் தெரியாமல் வந்தால் கரையில் நின்று இரண்டு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவீர்கள்.

கார்தா ஏரியிலிருந்து பெஸ்கியேராவில் வெளியே வருகிற ஆறு மின்ச்சோ. மந்தோவாவுக்கு வரும்போது நிலம் ஏறக்குறையத் தட்டையாகிவிடுவதால் ஆறு அங்கே சதுப்பாகத் தேங்கிக் கிடந்தது. 1190 வாக்கில் அல்பெர்தோ பிதெந்தீனோ என்ற பொறியாளர் அதை அணைகட்டி மடக்கி, ஊரைச் சுற்றி நான்கு ஏரிகளாக ஆக்கினார். ஊருக்குக் காவலும் ஆயிற்று, ஆலை ஓட்டத் தண்ணீரும் ஆயிற்று. நான்காவதான பையோலோ ஏரியை 18ஆம் நூற்றாண்டில் வடித்துவிட்டார்கள். இப்போது இருப்பவை மூன்று: மேல் ஏரி, நடு ஏரி, கீழ் ஏரி. மேல் ஏரியின் நீர்மட்டம் மற்ற இரண்டையும்விடச் சில மீட்டர் உயரம். ஆலைப் பாலத்தின் மேல் நின்று இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தால் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். அந்தப் பாலம் சாலை போட்ட அணைதான். தாமரை இருப்பது மேல் ஏரியில்.

ஊருக்குள் நிற்காமல் கிராட்சியே என்ற சின்ன ஊருக்குப் போங்கள். மந்தோவாவிலிருந்து எட்டுக் கிலோமீட்டர் போல இருக்கும், பஸ் உண்டு, சைக்கிள் பாதையும் உண்டு. அங்கிருந்து படகுக்காரர்கள் தட்டையான சின்னப் படகுகளில் நாணலுக்கு நடுவே உள்ள கால்வாய்களுக்குள் கூட்டிப்போவார்கள். அப்பா உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் பார்க்கலாம். இலைகள் நம் தோள் உயரத்துக்கு நிற்கும், படகு உரசிக்கொண்டு போகும்போது இலையில் கிடக்கிற தண்ணீர் ஒரே உருண்டையாகத் திரண்டு மடியில் வந்து கொட்டும். பகல் ஏற ஏறப் பூ கூம்பிவிடும், அதனால் காலைப் படகுதான் நல்லது. மிலானோவிலிருந்து கிரெமோனா வழியாக நேர் ரயில், சுமார் இரண்டு மணி நேரம். முதல் ரயிலைப் பிடியுங்கள்.

கிராட்சியேயில் ஒரு பழைய மாதா கோயில் இருக்கிறது, 1399இல் மந்தோவாவை ஆண்ட கொன்சாகா பிரபு கட்டத் தொடங்கியது. அம்மாவை அங்கே கொஞ்சம் உட்கார வைக்கலாம், உள்ளே குளுகுளு என்று இருக்கும். மேலே கூரையில் பதப்படுத்திய முதலை ஒன்று சங்கிலியில் தொங்குகிறது, உண்மையான முதலை, அண்ணாந்து பார்க்க மறக்காதீர்கள்.

கோடைமேகம் சொல்கிற சோளமும் பண்ணையும் இருப்பது உண்மை. ஆனால் ஒன்றுமே இல்லை என்பதை நான் ஏற்கமாட்டேன். இத்தாலி மக்கள் தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் இந்தச் சமவெளியில்தான் வாழ்கிறது. இத்தனை பேரும் உழுது, வெட்டி, கட்டி முடித்த பிறகும் இவ்வளவு சதுப்பு மிச்சம் இருக்கிறது என்றால் அதைப் போய்ப் பார்க்கத்தானே வேண்டும்?

அகிலன்_மிலானோ

மிக்க நன்றி அண்ணா, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. முதலை விஷயம் கேட்டதுமே அம்மா கிளம்பிவிடுவார். ஒரு சந்தேகம்: ஏரியில் குளிக்கலாமா? அப்புறம் இந்தத் தாமரை நம் ஊர்த் தாமரையேதானா, இல்லை வேறு இனமா?

பாவியா_பிரபா

குளிக்க முடியாது, மந்தோவா ஏரிகளில் நீந்தத் தடை இருக்கிறது. கீழ் ஏரியின் கரையிலேயே பெரிய வேதித் தொழிற்சாலை வளாகம், மண்ணையும் அடிச்சேற்றையும் சுத்தப்படுத்த வேண்டிய தேசிய அளவிலான இடங்களின் பட்டியலில் 2002 முதல் அந்தப் பகுதி இருக்கிறது. பார்க்கப் போவதற்குப் பயம் வேண்டாம், தண்ணீரில் இறங்க மட்டும் வேண்டாம்.

தாமரை நம் ஊர்த் தாமரையேதான், அதே இனம். ஆனால் அதை இவ்வளவு புகழ்வது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. அது இந்த மண்ணுக்கு உரியது இல்லை. 1921இல் மரியா பெல்லெக்ரெஃபி என்ற இளம் இயற்கையியல் பட்டதாரி சீனத்துக் கிழங்குகளைக் கொண்டுவந்து நட்டார். கிழங்கை மாவாக்கி உணவாக்கலாம் என்பதுதான் நோக்கம். உணவாகவில்லை, ஏரியைத்தான் பிடித்துக்கொண்டது. ஒரு தாமரைத் தீவுக்கு அடியில் வெயிலே இறங்காது, கீழே இருக்கிற நீர்ச்செடிகள் செத்துவிடும், இங்கேயே இருந்த வெள்ளை அல்லிக்கு இடம் இல்லாமல் போகிறது. பூங்கா நிர்வாகம் கோடைதோறும் இயந்திரம் வைத்து வெட்ட வேண்டியிருக்கிறது. இதையும் தெரிந்துகொண்டு பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

எனக்குக் கேட்டால் நீங்கள் பார்க்க வேண்டியது கொக்குகள். பாவியாவுக்கு மேற்கே லொமெல்லீனா, அதைத் தாண்டி நொவாரா, வெர்செல்லி, எல்லாம் நெல் வயல். ஏப்ரல் மே மாதத்தில் வயலெல்லாம் தண்ணீர் கட்டி, பின்னால் பனி மூடிய ஆல்ப்ஸ் மலை அதில் தெரியும். இங்கே அதைக் கட்டம் போட்ட கடல் என்று சொல்வார்கள். வயல்களுக்கு நடுவே ஈரமான இடங்களில் வெட்டாமல் விட்ட ஆல்டர் மரத் தோப்புகள் சின்னச் சின்னதாக இருக்கின்றன. அங்கேதான் வக்கா, சின்ன வெண்கொக்கு, சாம்பல் நாரை, செந்நாரை எல்லாம் கூட்டமாகக் கூடு கட்டும். பாவியா பல்கலைக்கழகத்தார் 1972 முதல் இந்தக் கூடுகளை ஆண்டுதோறும் எண்ணி வருகிறார்கள், ஐரோப்பாவிலேயே இவ்வளவு நீண்ட கணக்கு அரிது. அப்படி எண்ணியதால்தான் ஒன்று தெரிய வந்தது: விவசாயிகள் இப்போது காய்ந்த வயலில் விதைத்துவிட்டுப் பிறகுதான் தண்ணீர் விடுகிறார்கள், ஏப்ரல் கடைசியில் இருக்க வேண்டிய தண்ணீர் ஜூனில்தான் வருகிறது, குஞ்சுக்கு இரை தேடுகிற நேரத்தில் வயலில் தவளையும் இல்லை மீனும் இல்லை. வக்கா குறைந்துகொண்டே வருகிறது.

உங்கள் பெற்றோர் வரும்போது பயிர் வளர்ந்து பச்சையாக நிற்கும், அவர்களுக்கு நெல் வயல் புதிதும் இல்லை. அதனால் இதை உங்களுக்காக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஏப்ரலில் மிலானோவிலிருந்து மொர்த்தாரா போகிற ரயிலில் ஜன்னல் ஓரம் உட்காருங்கள், விஜேவானோ தாண்டியதும் இரண்டு பக்கமும் தண்ணீர்தான்.

நாணல்காடு

பிரபா, தாமரை பற்றி நீங்கள் சொன்னதில் எதையும் மறுக்கவில்லை, வெட்டுவதை நான் ஆதரிக்கிறவன். ஆனால் குற்றம் முழுவதையும் தாமரை மேல் போடுவது சரியில்லை. மின்ச்சோவின் தண்ணீரில் பெரும்பங்கு கோடையில் பாசனத்துக்குப் போய்விடுகிறது, ஏரிக்கு வருவது கொஞ்சம். வருகிற கொஞ்சத்திலும் பண்ணைக் கழிவும் உரமும் கலந்திருக்கிறது. அசையாத, சத்து நிறைந்த, வெதுவெதுப்பான தண்ணீர் இருந்தால் தாமரை பெருகாமல் என்ன செய்யும்? தண்ணீரை ஓட விடுங்கள், பாதிப் பிரச்சினை குறையும்.

இன்னொன்று, நாணலைப் பற்றியும் யாராவது பேச வேண்டும். கிராட்சியேயைச் சுற்றி இருக்கிற மின்ச்சோ சதுப்புகளில் முன்பெல்லாம் குளிர்காலத்தில் நாணலையும் கோரையையும் அறுப்பார்கள். தட்டி, பாய், நாற்காலி பின்னல் என்று அதற்கு விலை இருந்தது. அறுத்தால் சதுப்பு சதுப்பாக இருக்கும். அறுக்காவிட்டால் வருடா வருடம் காய்ந்த தண்டு விழுந்து மட்கி, தரை உயர்ந்து, முள்ளும் புதரும் வந்து, கொஞ்ச காலத்தில் நடந்து போகிற நிலமாகிவிடும். இப்போது நாணலுக்கு விலை இல்லை, அறுக்க ஆள் இல்லை. நாணலுக்குள் ஒளிந்து வாழ்கிற செந்நாரைக்கும் சேற்றுப்பருந்துக்கும் அது அழிவு. படகில் போகும்போது கவனித்துப் பாருங்கள், அறுத்த இடத்தில் நாணல் ஒரே உயரத்தில் பச்சையாக இருக்கும், அறுக்காத இடத்தில் பழைய தண்டும் புதுத் தண்டும் பின்னிக்கொண்டு சாம்பல் நிறமாகக் கிடக்கும். எங்கே ஆள் கை பட்டிருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

ரெஜ்ஜோ_சிவம்

வணக்கம். நாங்கள் யாழ்ப்பாணம், இப்ப ரெஜ்ஜோ எமீலியாவில் கனகாலமாக இருக்கிறோம். அகிலன் தம்பிக்குக் கொமாக்கியோவைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்றுதான் எழுதுகிறேன். எங்கட வீட்டாருக்கு மிகவும் பிடித்த இடம் அது. மிலானோவிலிருந்து ஒரே நாளில் போய் வர முடியாது, இரவு தங்க வேண்டும். ஃபெர்ராரா வரை ரயில், அங்கிருந்து பஸ், ஒரு மணித்தியாலத்துக்கு மேலே எடுக்கும்.

கொமாக்கியோவில் இருப்பது உப்புத் தண்ணீர்க் களப்பு, பதினோராயிரம் ஹெக்டேருக்குக் கிட்ட. கடற்காற்று வீசும், மந்தோவா மாதிரிப் புழுக்கம் இல்லை. அங்கேயும் படகு உண்டு, பழைய மீன்பிடிக் குடில்களைக் காட்டுவார்கள். எனக்குப் பெரிய அதிசயமாகப் பட்டது விலாங்கு பிடிக்கிற பட்டி. முந்தி நாணல் தட்டியால் அம்பு முனை மாதிரி ஒன்றுக்குள் ஒன்றாக அடைத்து வைத்திருப்பார்கள். இலையுதிர் காலத்தில், நிலவில்லாத, புயலடிக்கிற இரவுகளில் விலாங்கு கடலுக்குப் போக வெளிக்கிடும், அட்லாண்டிக்கில் சர்காசோ கடல் வரை போய்த்தான் முட்டையிடும். அந்த நேரம் கடல் தண்ணீரைக் களப்புக்குள் விட்டால் விலாங்கு அந்த உப்பை மணந்துகொண்டு எதிர்த்து நீந்தி வரும். முதல் அறையின் முனையில் இருக்கிற ஒடுங்கிய இடுக்கால் மற்ற மீன் போகாது, விலாங்கு மட்டும் நெளிந்து அடுத்த அறைக்குள் போய்விடும். மனிதன் கையால் ஒன்றையும் பிரிக்க வேண்டியதில்லை. எங்கட ஊரிலும் மீன் பிடிக்கச் சிறகுவலை கட்டுகிற ஆட்கள் இருக்கிறார்கள், அவர்கள் இதைப் பார்த்தால் ஒரு நாள் முழுக்க நின்று கதைப்பார்கள்.

ஊருக்குள் பழைய மீன் பதனிடும் கூடம் இருக்கிறது. விலாங்கைக் கம்பியில் குத்தி விறகு அடுப்பில் வாட்டி, வினிகரில் ஊறப்போட்டு டப்பாவில் அடைக்கிற இடம், உள்ளே போய்ப் பார்க்கலாம். ஐரோப்பிய விலாங்கு இப்ப அழிவின் விளிம்பில் இருக்கிறது, முந்தி மாதிரிப் பிடிபடுவதில்லை.

பூநாரை பார்க்க ஆசை என்றால் அங்கேதான். 2000ஆம் ஆண்டிலிருந்து கொமாக்கியோவிலேயே கூடு கட்டுகிறது. பழைய உப்பளப் பக்கம் கூட்டமாக நிற்கும்.

தெல்தாக்காரி

சிவம் அண்ணா சொன்னதோடு கொஞ்சம் சேர்க்கிறேன், நான் ராவென்னாவில் இருக்கிறேன். கொமாக்கியோவில் இப்போது மிஞ்சியிருப்பது பழைய களப்பில் ஒரு துண்டு. நிலம் வேண்டும் என்று கட்டம் கட்டமாக வடித்தார்கள். 1922இல் வடித்துக்கொண்டிருந்தபோது சேற்றுக்குள்ளிருந்து ஸ்பீனா என்ற, ரோமானியருக்கு முந்தைய எத்ருஸ்கன் மக்களின் நகரத்துக் கல்லறைகள் வெளியே வந்தன, அந்தச் சாடிகளை ஃபெர்ராரா தொல்பொருள் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் போய் வாருங்கள். கடைசியாக 1960களில் மேட்சானோ களப்பை வடித்தார்கள். இன்றைக்கு அங்கே வீடே கிடையாது, வயல், கால்வாய், வானம்.

ராவென்னாவுக்கு வடக்கே புந்தே அல்பெரேதே என்று ஒரு காடு இருக்கிறது. மரங்கள் தண்ணீருக்குள் நிற்கிற காடு, இந்தச் சமவெளி முழுவதும் ஒரு காலத்தில் எப்படி இருந்தது என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன். பாதை சுற்று வட்டம், தரை சமம், நிழல் இருக்கிறது, அகிலன் அப்பா மெதுவாகக் கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்பலாம். வசந்தத்தில் போனால் மஞ்சள் ஐரிஸ் பூ. ஜூலையில் மட்டும் தயவுசெய்து வராதீர்கள், கொசுவுக்கு நான் பொறுப்பில்லை. பக்கத்தில் மாந்திரியோலே என்ற இடத்தில் ஒரு பண்ணை வீடு இருக்கிறது. இத்தாலியை ஒன்றிணைக்கப் போராடிய கரிபால்டி ஆஸ்திரியப் படைக்குத் தப்பி இந்தச் சதுப்புகள் வழியாக ஓடியபோது அவர் மனைவி அனீதா 1849 ஆகஸ்ட் 4இல் அந்த வீட்டில்தான் இறந்தார், கர்ப்பிணியாக, காய்ச்சலில்.

அதே மாந்திரியோலே சதுப்பில் 2019 இலையுதிர் காலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நீர்ப்பறவைகள் செத்தன. போட்டுலிசம், கிருமியின் நஞ்சால் உடல் செயலிழக்கிற நோய். தண்ணீர் குறைந்து, தேங்கி, சூடாகி, அடிச்சேற்றில் அந்தக் கிருமி பெருகிவிட்டது. தன்னார்வலர்கள் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு நாணலுக்குள் இறங்கி, கழுத்து தொங்கிக் கிடந்த வாத்துகளைக் கூடை கூடையாக எடுத்துக் கொண்டுபோய்க் கொஞ்சத்தைப் பிழைக்க வைத்தார்கள். மதகைத் திறந்து தண்ணீர் விட வேண்டிய நேரத்தில் விட்டிருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது என்பது இங்கே எல்லோருடைய ஆதங்கமும்.

கோடைமேகம்

படித்துக்கொண்டே வருகிறேன், நல்ல விஷயங்கள்தான். ஆனால் நீங்கள் எல்லோரும் சேர்ந்து என் பக்கத்தைத்தான் நிரூபிக்கிறீர்கள். ஏரி வெட்டியது மனிதன். தாமரை நட்டது மனிதன். நெல் வயல் மனிதனுடையது. களப்புக்குத் தண்ணீர் விடுவது மதகு. காட்டுக்குத் தண்ணீர் விடுவதும் மதகு. இதை எப்படி இயற்கை என்று சொல்கிறீர்கள்? மலைக்குப் போனால் ஆறு தானாக ஓடுகிறது, யாரும் திறந்துவிட வேண்டியதில்லை. நான் இதைக் குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே புரியாமல்தான் கேட்கிறேன்.

பாவியா_பிரபா

நல்ல கேள்வி. மலையில் ஓடுகிற ஆறும் தானாக ஓடவில்லை, ஆல்ப்ஸில் நீர்மின் அணை இல்லாத பெரிய பள்ளத்தாக்கு எத்தனை இருக்கிறது சொல்லுங்கள். அதை விடுங்கள்.

நீரூற்றுகளைப் பற்றிச் சொல்கிறேன். மலையடிவாரத்தில் நிலம் கூழாங்கல்லும் மணலுமாக இருக்கிறது, மழையும் ஆற்று நீரும் அதில் இறங்கி ஓடுகிறது. கொஞ்சம் தெற்கே வந்தால் களிமண் தொடங்கும், தண்ணீருக்கு வழி அடைபட்டு மேலே வரும். பியெமோந்தேயிலிருந்து ஃப்ரியூலி வரை இப்படி ஒரு வரிசையாகவே ஊற்றுகள். மத்திய காலத்திலேயே மனிதர்கள் அந்த இடங்களைத் தோண்டி அகலமாக்கி, அடியில்லாத மரப் பீப்பாயை நிலத்தில் இறக்கி, வருகிற தண்ணீரைக் கால்வாயில் ஓட விட்டார்கள். சித்திரை வெயிலானாலும் தை மாதப் பனியானாலும் ஊற்று நீர் பத்து முதல் பதினைந்து டிகிரிக்குள்தான் இருக்கும். குளிர்காலத்தில் அந்தத் தண்ணீரைச் சரிவான புல்வெளி மேல் மெல்லிய தகடாக ஓடவிட்டால் புல் உறையாமல் வளர்ந்துகொண்டே இருக்கும், ஜனவரியில் பனிக்கு நடுவே பச்சைப் புல் அறுக்கலாம். மொரிமோந்தோ, கியாரவாலே மடங்களின் துறவிகள் இதை வளர்த்தெடுத்தார்கள். வெட்டியது மனிதன்தான். ஆனால் அந்த ஊற்றில் வாழ்கிற மீனும் இறாலும் பாசியும் வேறு எங்கும் போக வழியில்லாதவை. தோண்டிச் சுத்தம் செய்வதை நிறுத்திய ஊற்றுகள் தூர்ந்து போயின, அதோடு அவையும் போயின. மிலானோவுக்கு மேற்கே பரேஜ்ஜோவில் ஒரு ஊற்றைக் காப்பிடமாக வைத்திருக்கிறார்கள், அகிலன் சைக்கிளிலேயே போய்விடலாம்.

நான் கேட்பது, அந்த இடத்தில் என்ன வாழ்கிறது, நாம் கையை எடுத்தால் அது பிழைக்குமா என்பதுதான். யார் வெட்டினார்கள் என்பது எனக்கு இரண்டாவது.

நாணல்காடு

கோடைமேகம், உங்கள் ஊருக்குப் பக்கத்தில் கிரெமோனா மாவட்டத்தில் ஆற்றங்கரைக்கு உள்ளே வட்ட வட்டமாகக் குளங்கள் இருக்கும், போத்ரி என்பார்கள். வெள்ளத்தில் போ ஆறு கரையை உடைத்துக்கொண்டு விழும்போது அந்த வேகத்தில் நிலத்தைக் குடைந்துவிடும். வெள்ளம் வடிந்த பிறகும் அந்தக் குழி நிலத்தடி நீரால் நிறைந்து நிற்கும். சுற்றிலும் சோளம், நடுவில் ஆழமான ஒரு குளம், ஓரத்தில் வில்லோ மரமும் அல்லியும் ஆமையும். கரை கட்டியது மனிதன், உடைத்தது ஆறு, குளம் யாருடையது? அதை உழ முடியாததால்தான் அது தப்பியது.

1951 நவம்பர் 14இல் ஒக்கியோபெல்லோவில் கரை உடைந்து பொலேசினே வட்டாரம் முழுவதும் மூழ்கியது, நூறு பேர் வரை இறந்தார்கள், ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமானவர்கள் வீடிழந்தார்கள். பிறகு கரைகளை இன்னும் உயர்த்தினார்கள். இதற்கு மறுபக்கம் 2022 ஜூலை. ஃபெர்ராராவுக்கு அருகே பொன்தெலாகோஸ்குரோவில் சராசரியாக நொடிக்கு 1,500 கன மீட்டர் போல ஓட வேண்டிய ஆறு 150க்கும் கீழே இறங்கியது. மணல் திட்டுகளின் மேல் மனிதர்கள் நடந்தார்கள், கடல் உப்பு ஆற்றுக்குள் பல கிலோமீட்டர் ஏறி வந்தது. அந்தக் கோடையில் காப்பிடங்களுக்கு விட ஒரு சொட்டுத் தண்ணீர் யாரும் தரத் தயாராக இல்லை, சோளத்துக்கே போதவில்லை. எனக்கு வருத்தமெல்லாம் இதில்தான். பாசனத்துக்குக் கணக்கு உண்டு, மின்சாரத்துக்குக் கணக்கு உண்டு. சதுப்புக்கு மிச்சம் இருந்தால்தான். மிச்சம் இல்லாத ஆண்டுகள் இனி அடிக்கடி வரும். அதனால்தான் போய்ப் பாருங்கள், படகுக்காரருக்கும் காப்பிடத்துக்கும் கொடுக்க வேண்டிய காசைக் கொடுத்துப் பாருங்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கூட்டம் வருகிற இடத்துக்குத் தண்ணீர் கேட்டால் யாராவது காது கொடுப்பார்கள்.

கோடைமேகம்

போத்ரி இங்கேயும் இருக்கிறது, தினமும் வேலைக்குப் போகிற வழியில் ஒன்று உண்டு, மீன்பிடிக் குளம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை இறங்கிப் பார்க்கிறேன். வெயில் பற்றி நான் சொன்னது மட்டும் அப்படியே நிற்கிறது, வயதானவர்களை மதியத்தில் வெளியே கூட்டிப்போக வேண்டாம்.

ரெஜ்ஜோ_சிவம்

அது சரியான கதை. மதியம் பன்னிரண்டிலிருந்து ஐந்து வரை நிழலில் இருங்கள். கொசுவுக்கு நீளக்கை, நீளக்கால்சட்டை, பூசுகிற மருந்து. ஊரிலிருந்து வருகிறவர்கள் எங்களுக்குக் கொசு புதிதோ என்று சொல்லுவார்கள், ஆனால் இங்கே புலிக்கொசு பகலிலும் கடிக்கும்.

கார் உள்ளவர்கள் யாரும் இதைப் படித்தால்: பார்மாவுக்கு வடக்கே தோர்ரீலேயில் ஒரு பறவைக் காப்பிடம் இருக்கிறது. சர்க்கரை ஆலைத் தண்ணீர் தேங்கி நின்ற குளங்களில் நெடுங்கால் உள்ளான் வந்து கூடு கட்டத் தொடங்கியது, பிறகு பறவைப் பாதுகாப்புச் சங்கம் அதைக் காப்பிடமாக ஆக்கியது. மரக்குடிலுக்குள் இருந்துகொண்டே மே மாதத்தில் குஞ்சுகளைப் பார்க்கலாம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள், சத்தம் போடாமல் இருக்கச் சொல்லிக்கொடுக்க நல்ல இடம்.

பாவியா_பிரபா

ஒரு வேண்டுகோள், கொக்குத் தோப்புகளுக்கு யார் போனாலும். மார்ச் முதல் ஜூலை வரை உள்ளே காலடி வைக்காதீர்கள். ஒருவர் உள்ளே போனால் மொத்தக் கூட்டமும் எழும், அந்த நேரத்தில் காக்கை முட்டையைக் கொண்டுபோய்விடும். சில இடங்களில் பார்க்கக் கோபுரம் வைத்திருக்கிறார்கள், அங்கே நின்றால் போதும். கறுப்புத் தலையும் வளைந்த அலகுமாக வெள்ளையாக ஒரு பறவை வயலில் திரிவதைப் பார்த்தால் அது ஆப்பிரிக்க அரிவாள் மூக்கன். அடைத்து வைத்திருந்த இடங்களிலிருந்து தப்பிய பறவைகள், 1989இல் வெர்செல்லி அருகே ஓல்தெனீகோ தோப்பில் முதன்முதலாகக் கூடு கட்டின, இப்போது எங்கே பார்த்தாலும் இருக்கின்றன. நம் ஊரில் இருப்பதன் நெருங்கிய உறவு என்பதால் எனக்கு அதன் மேல் ஒரு பாசம் வருவதைத் தடுக்க முடியவில்லை, ஆனால் மற்ற பறவைகளின் குஞ்சையும் முட்டையையும் தின்கிறது.

அகிலன்_மிலானோ

எல்லோருக்கும் நன்றி. இப்படிச் செய்யலாம் என்று இருக்கிறேன், சரியா பாருங்கள். ஜூலை முதல் வாரத்தில் ஒரு வேலை நாளில் மந்தோவா, காலை ரயில், நேராகக் கிராட்சியே, படகு, பிறகு மதியம் கோயிலில். மாலையில் மந்தோவாவுக்குப் பக்கத்திலுள்ள போஸ்கோ ஃபொன்தானா காட்டுக்குப் போய்விட்டு இரவு ரயிலில் திரும்புவது. ஜூலை கடைசியில் கொமாக்கியோவில் ஒரு இரவு. பரேஜ்ஜோ ஊற்றும் மொர்த்தாரா ரயிலும் பிற்பாடு நான் மட்டும். புந்தே அல்பெரேதே அடுத்த ஏப்ரலில்.

தெல்தாக்காரி

ஏப்ரலில் வரும்போது சொல்லுங்கள், ஐரிஸ் எப்போது பூக்கிறது என்று பார்த்து நாள் சொல்கிறேன். கொமாக்கியோவில் படகுக்கு ஜூலையில் முன்பதிவு அவசியம்.

நாணல்காடு

திட்டம் நன்றாக இருக்கிறது, ஒன்றை மட்டும் மாற்றுங்கள். போஸ்கோ ஃபொன்தானாவை அதே நாளில் வைக்க வேண்டாம், அப்பாவுக்குச் சிரமம். வாரத்தில் சில நாள் மூடியிருக்கும், நேரமும் பருவத்துக்குப் பருவம் மாறும், பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ஆனால் தனியாக ஒரு நாள் அதற்குக் கட்டாயம் வாருங்கள். 233 ஹெக்டேர்தான். சமவெளியை மூடியிருந்த கருவாலி என்கிற ஓக் மரக் காட்டில் மிஞ்சிய சில துண்டுகளில் அது ஒன்று, கொன்சாகா பிரபுக்கள் வேட்டைக்காக வைத்திருந்ததால் தப்பியது. உள்ளே பட்ட மரங்களை அப்புறப்படுத்தாமல் விட்டிருப்பார்கள். வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட சிவப்புக் கருவாலிகளை முன்பு வேண்டுமென்றே சாய்த்தும் முறித்தும் போட்டார்கள், உளுத்த மரத்தில் வாழ்கிற வண்டுகளுக்காக. விழுந்து கிடக்கிற ஒரு மரத்தின் பட்டைக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் குனிந்து பாருங்கள், எத்தனை வகை ஊர்கிறது என்று தெரியும்.

கிராட்சியேயில் கோயில் மேட்டில் இருக்கிறது, படகுத்துறை கீழே. இறங்குகிற வழி சரிவு, அப்பாவை மெதுவாக இறங்கச் சொல்லுங்கள், அவருக்கு ஒரு கைத்தடி இருந்தால் நல்லது. தொப்பியும் தண்ணீரும் மறக்க வேண்டாம், படகில் நிழல் குறைவு. முன்பதிவுக்கு இத்தாலியனில் பேசத் தயக்கமாக இருந்தால் தனிச்செய்தியில் நாளை மட்டும் சொல்லுங்கள், நான் பேசி வைக்கிறேன்.